காற்றடிக்காத மைதானம்

பந்து மறுபடியும் வளையத்தில் பட்டு வெளியே விழுந்தபோது சுகந்தி டிவியைப் பார்க்கவில்லை, கணவர் பூபதியின் வலது கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சக்கர நாற்காலியில் அவர், அவர் மடியில் தலையணை, தலையணை மேல் வீடியோ விளையாட்டின் கருப்புக் கண்ட்ரோலர், அதன் மேல் அவருடைய இரண்டு கைகள். சாப்பாடு முடிந்ததும் அந்தக் கைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அங்கே வைத்தவள் அவள்தான். விரல்களை அந்தந்தப் பொத்தானில் பொருத்தி, "சரிங்களா?" என்று கேட்டு, அவர் "ம்" சொன்ன பிறகு பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு துணி மடிக்க உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆடிக் காற்று ஜன்னல் கதவை இழுத்து இழுத்து அடித்தது. கொக்கி மாட்டியிருந்தும் கதவு நடுங்கியது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காற்று. கோயமுத்தூரில் இந்த மாதம் முழுக்க இப்படித்தான், மொட்டை மாடியில் காயப்போட்டதைப் பக்கத்து வீட்டுக் கூரையில் போய்த் தேட வேண்டும். டிவிக்குள் மட்டும் காற்று இல்லை. அங்கே பளபளவென்று மெழுகு பூசிய மாதிரி ஒரு மைதானம், சுற்றிலும் ஆயிரக்கணக்கான தலைகள், வெள்ளை வலை அசையாமல் தொங்கியது. குதித்து இறங்கிய ஆட்டக்காரனின் தலைக்கு மேல் 'ரொம்ப லேட்' என்று ஆங்கிலத்தில் சிவப்பாக எழுதிக் காட்டிவிட்டு எழுத்து மறைந்தது. "பாத்தியா," என்றார் பூபதி. "நான் கரெக்ட்டாத்தான் விட்டேன். இவன் லேட்டுங்கறான்." "ஆமாங்க," என்றாள் சுகந்தி. அவருடைய கட்டைவிரல் இன்னும் பொத்தானின் மேலேயே இருந்தது. பந்து விழுந்து, எதிராளி அதை எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்த பிறகு அது மெதுவாக, தூக்கத்தில் புரள்கிறவனைப் போல, எழுந்தது.

அந்த விளையாட்டில் பந்தைக் கூடைக்கு எறிவது எப்படி என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டது. சதுரம் போட்ட பொத்தானை அழுத்திப் பிடித்தால் டிவியில் இருக்கும் ஆள் பந்தைத் தூக்கிக்கொண்டு குதிப்பான். அவன் தோளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு, பால் பொங்குகிற மாதிரி கீழிருந்து மேலே நிரம்பும். அது உச்சியைத் தொடும்போது விரலை எடுத்துவிட வேண்டும். சரியாக எடுத்தால் கோடு பச்சையாகும், பந்து வலையை மட்டும் தொட்டு உள்ளே போகும். முந்தினாலும் போகாது, பொங்கி வழிந்த பிறகு எடுத்தாலும் போகாது. அழுத்துவது பெரிய விஷயமே இல்லை, எடுப்பதில்தான் இருக்கிறது என்று ஆரம்பத்தில் பூபதி சொன்னார். அது ஒன்றைத்தான் அவர் அந்த விளையாட்டில் பாராட்டினார். நிஜத்திலும் அப்படித்தானாம். குதித்து மேலே போனதும், ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் உடம்பு ஒரு கணம் சும்மா நிற்குமாம், அப்போது பந்து விரல் நுனியைவிட்டுப் போக வேண்டுமாம். அப்படி அவர் சொல்லிக் காட்டியபோது கையைத் தோளுக்கு மேல் தூக்கி மணிக்கட்டை மடக்கிக் காட்டினார். அப்போது அந்தக் கை தூக்க வந்தது. அது எப்போது என்று சுகந்தி கணக்குப் பார்க்கப் போனாள், பிறகு வேண்டாமென்று ஒரு தலையணை உறையை எடுத்து உதறினாள். உறையின் ஓரத்தில் ரசக் கறை. துவைத்தும் போகவில்லை. ரசம் சாதத்தை இன்றைக்கும் அவர் வெகு நேரம் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை இருமினார். ஒரு தடவைதான். புளிப்பு அதிகமாகியிருக்கும். காரம்கூட கொஞ்சம் கூடத்தான். இருமல் யாருக்குத்தான் வராது.

இந்த விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தவன் காஜா. காஜா மொய்தீன், பூபதி கேப்டனாக இருந்த மில் காலனி அணியில் பல வருஷம் ஆடியவன், இப்போது உக்கடத்தில் கண்ணாடி, கதவுக் கைப்பிடி விற்கும் கடை வைத்திருக்கிறான். பூபதிக்குக் கால்கள் நின்றுபோன பிறகு ஒரு நாள், தன் வீட்டில் தானும் பிள்ளைகளும் ஆடிக்கொண்டிருந்த பெட்டியையே ஒயர்களோடு பிடுங்கி ஒரு லுங்கியில் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். "எனக்கெதுக்கு அண்ணி? கடையைச் சாத்திட்டு வர்றதுக்குள்ள கண்ணு சொக்குது. பிள்ளைகளும் இது இருந்தாப் படிக்க மாட்டேங்குதுக," என்று சொல்லி டிவிக்குப் பின்னால் குனிந்து ஒயர் மாட்டினான். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பூபதியை அந்த விளையாட்டுக்குள் செய்தார்கள். அப்படிச் செய்ய முடியுமாம், உயரம், எடை, மூக்கு, தாடை எல்லாவற்றையும் அமைத்து ஓர் ஆளை உண்டாக்கலாமாம். "அண்ணி, கேப்டன் கலருக்கு இதுல டப்பாவே இல்ல. கிட்டத்தட்ட வர்றது ரெண்டு இருக்கு, வெயிலுக்கு முன்னாடி, வெயிலுக்குப் பின்னாடி. எத வெக்கறது?" "பின்னாடியே வைங்க." "தொப்பை வெக்கலாம்னா அதுவும் இல்ல." "டேய், எனக்கு எப்படா தொப்பை இருந்துச்சு?" "கல்யாணத்துக்கு அப்பறம் கேப்டன். அண்ணி கையால தின்னு தின்னு." பிறகு ஒன்பதாம் எண் சட்டையைப் போட்டுவிட்டார்கள். பூபதி என்று பெயரும் அடித்தார்கள். ஆனால் ஆட்டத்தை வர்ணிக்கிற வெள்ளைக்காரக் குரல்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, அல்லது யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவை அவனை நம்பர் நைன், நம்பர் நைன் என்றே கூப்பிட்டன. சுகந்திக்கும் அதுவே வசதியாக இருந்தது. நாற்காலியில் இருப்பவர் அவர். டிவியில் ஓடுகிறவன் அவன். கலந்துவிடக் கூடாது என்று அவள் மனதுக்குள் அப்படித்தான் வைத்திருந்தாள்.

ஆனாலும் கலந்துவிடுகிறது. அவன் திரும்பி நடக்கும்போது இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நடப்பது அவரைப் போலவே இருக்கும். எல்லா ஆட்டக்காரர்களும் அங்கே அப்படித்தான் நடக்கிறார்கள் என்று அப்புறம்தான் கவனித்தாள். "இதெல்லாம் ஒரு கூடைப்பந்தா?" என்று பூபதி ஆரம்பத்திலிருந்தே குறை சொல்லிக்கொண்டுதான் ஆடினார், அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. சிமெண்டுத் தரையில் விழுந்தால் முட்டி பெயர்ந்துவிடும், இவனுகளுக்குச் சிராய்ப்பே இல்லை. மத்தியான மேட்சில் தரை கொதித்து ஷூ அடிப்பாகம் இளகி ஒட்டும், இவனுக கால் வழுக்கிக்கொண்டு போகிறது. நம்ம பந்து தேய்ந்து தேய்ந்து பூசணிக்காய் மாதிரி மொழுமொழுவென்று இருக்கும், இவனுக பந்தில் ஒவ்வொரு புள்ளியும் தெரிகிறது. முக்கியமாகக் காற்று. மில் காலனி மைதானம் திறந்தவெளி, அதில் மேற்குப் பக்கத்து வளையத்துக்கு ஆடி மாசத்தில் எறிந்தால் பந்து நேராகப் போகாது. வளையத்துக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் பெரிய எழுத்தில் குடிநீர் என்று எழுதியிருக்கும். வளையத்தைப் பார்த்து எறிகிறவன் வெளியூர்க்காரன். மில் காலனிக்காரன் அந்த 'டி' எழுத்தைப் பார்த்து எறிவான், பந்து போகிற வழியிலேயே காற்று அதை வாங்கிக் கொண்டுபோய் வளையத்தில் போடும். "இங்க 'டி'யும் இல்ல, காத்தும் இல்ல. மூச்சுக் காத்துகூட அடிக்காத ஊர்ல எவன்டா ஆடுவான்," என்று காஜாவிடம் சொல்லிச் சிரிப்பார். இதையெல்லாம் சுகந்தி கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்திருக்கிறாள், மாவு கரைத்திருக்கிறாள். குறை சொல்கிற குரல் எந்த நாளில் மாறியது என்று அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நாளாக அதில் சிரிப்பு இல்லை. காற்றைப் பற்றியோ சிமெண்டைப் பற்றியோ அவர் பேசுவதில்லை. "விடறது லேட்டுன்னு பொய் சொல்லுது" என்பது ஒன்றையே சொல்கிறார். புதன்கிழமை பெட்டி தானாக எதையோ இறக்கிக்கொண்டது, அப்டேட்டாம். அதிலிருந்து அவருக்குப் பிடி கிடைத்துவிட்டது. "அந்த அப்டேட்டுலதான் கெடுத்துட்டானுக."

ஆமாங்க என்று அவள் சொன்னாள். புதன்கிழமை சொன்னாள், வியாழக்கிழமை சொன்னாள், இப்போதும் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த வார்த்தை விழுங்க முடியாத சோறு மாதிரி வாயில் சேர்ந்துகொண்டே வந்தது. ஏனென்றால் இன்று காலையில், அவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவள் டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுக் கண்ட்ரோலரைக் கையில் எடுத்தாள். எதற்கு எடுத்தாள்? தூசி துடைக்க. அப்படித்தான் தனக்கே சொல்லிக்கொண்டாள். பயிற்சி என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் எதிராளிகள் இல்லை, ஒன்பதாம் எண் மட்டும் பந்தோடு தனியாக நிற்பான். அவள் அழுத்தினாள். குதித்தான். பால் பொங்கி வந்தது. விரலை எடுத்தாள். கொஞ்சம் முந்திவிட்டது. மறுபடி அழுத்தினாள். பச்சை. மறுபடி. பச்சை. பள்ளிக்கூடத்தில் எறிபந்தில்கூடச் சேர்த்துக்கொள்ளாத சுகந்தி, ரவிக்கைக் கை ஈரத்தோடு தரையில் உட்கார்ந்துகொண்டு, வரிசையாகப் பச்சை பச்சையாகப் போட்டாள். சத்தமில்லாத அந்தக் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. தப்பாகப் போகட்டும், ஒன்றாவது தப்பாகப் போகட்டும் என்று அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள். பெட்டியில் ஒரு குறையும் இல்லை. கண்ட்ரோலரை எடுத்த இடத்தில் எடுத்த மாதிரியே வைத்துவிட்டு, போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அவர் கண் விழித்து, "என்ன சீக்கிரமே எந்திரிச்சுட்டியா?" என்றார். "காத்துச் சத்தத்துல தூக்கமே வரலைங்க," என்றாள்.

துணிக் குவியல் பாதிக்கு வந்துவிட்டது. ஒரு துண்டு, இன்னொரு துண்டு, அவருடைய பனியன். செவ்வாய்க்கிழமை நரம்பு டாக்டரிடம் போக வேண்டும். அவர் ஒவ்வொரு தடவையும் முதலில் தன் ஆள்காட்டி விரலை நீட்டுவார். "பிடிங்க." பூபதி பிடிப்பார். "இறுக்கிப் பிடிங்க. ம். இப்ப விடுங்க." பூபதி விடுவார். போன தடவை விடுவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது. டாக்டர் இன்னொரு கையை நீட்டினார். பூபதி வெளியே வந்ததும், "அவரு விரல் வழவழன்னு இருக்குது, எண்ணெய் கிண்ணெய் தடவிட்டு வர்றாரோ என்னமோ," என்றார். அவரை வண்டியில் ஏற்றிவிட்டு, மறந்துவைத்த பையை எடுக்க அவள் மறுபடி உள்ளே போனபோதுதான் டாக்டர் அதைச் சொன்னார். பையை மறக்கவில்லை, வேண்டுமென்றே வைத்துவிட்டு வந்ததுதான். "கட்டைவிரல்ல வித்தியாசம் தெரிஞ்சா செவ்வாய்க்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்கம்மா. உடனே போன் பண்ணுங்க. ஏன்னா அடுத்து நாம மூச்சையும் முழுங்கறதையும் பாத்துக்கணும்." நாம என்றார். பாத்துக்கணும் என்றார். எவ்வளவு மரியாதையான வார்த்தைகள். அவள் தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். போன் அலமாரியில் இருக்கிறது. டாக்டரின் எண் அதில் இருக்கிறது. அவள் போன் பண்ணவில்லை. பண்ணினால் கட்டைவிரல் போய்விட்டது என்று ஆகிவிடும். பண்ணாதவரை அது அப்டேட். அவரும் அப்படித்தான் நினைக்கிறாரா, அல்லது நிஜமாகவே பெட்டி பொய் சொல்கிறது என்று நம்புகிறாரா? நம்பினால் நல்லதா? இன்னும் இரண்டு நாள்தான். செவ்வாய்க்கிழமை டாக்டர் விரலை நீட்டத்தான் போகிறார். இரண்டு நாள் அவர் நம்பிவிட்டுப் போகட்டுமே. இல்லை, மூச்சு. மூச்சுக்கு இரண்டு நாள் என்பது அதிகமா? பனியனை மடித்தாள், தப்பாக மடித்துவிட்டாள், பிரித்து மறுபடி மடித்தாள்.

டிவியில் ஒன்பதாம் எண் மறுபடி குதித்தான். கோடு நிரம்பி, உச்சியைத் தாண்டி வழிந்தது. விடுங்க என்று அவள் மனம் சொன்னது. விடுங்க, விடுங்க. அந்தச் சொல்லை நினைத்தால் முன்பெல்லாம் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். கல்யாணமான புதிதில் அவர் ஆடுவதைப் பார்க்க முதல்முதலாக மில் காலனிக்குப் போயிருந்தாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய்ச் சிமெண்டுப் படியில் உட்கார்ந்தாள், படி சுட்டது. ஆட்டம் ஒன்றும் புரியவில்லை. அவர் கைக்குப் பந்து வந்தபோதெல்லாம் சுற்றி நின்ற அத்தனை பேரும் "விடு, பூபதி, விடு" என்று கத்தினார்கள். எதிரணிக்காரன் ஒருவன் அவர் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான். அடிதடி ஆகப்போகிறது, வேண்டாம் விட்டுவிடு என்று எல்லாரும் சமாதானம் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். இவ்வளவு முன்கோபக்காரரா, நமக்கு யாரும் சொல்லவில்லையே. ராத்திரிச் சாப்பாட்டின்போது மெதுவாகக் கேட்டாள்: "அந்தப் பையன்கூட உங்களுக்கு என்னுங்க சண்டை? அத்தன பேரு விடச் சொல்லியும் விடாம நின்னீங்களே." அவருக்குப் புரையேறிவிட்டது. மைதானத்தில் விடு என்றால் கூடைக்கு எறி என்று அர்த்தமாம். மறுநாள் அது காஜாவுக்குப் போய், அன்றிலிருந்து இன்றுவரை அவன் போனில் முதலில் கேட்பது, "என்ன அண்ணி, கேப்டன் யார்கூடயாவது சண்டையா? விடச் சொல்லட்டுமா?" அப்போது அவருக்குப் புரையேறியது சிரித்ததால். புரையேறினால் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடுகிற காலம் அது.

பாதி ஆட்டம் முடிந்து இடைவேளை விட்டபோது காஜாவே கூப்பிட்டான். சுகந்தி போனை ஸ்பீக்கரில் போட்டு நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள். "கேப்டன், ஸ்கோர் என்ன?" "கேக்காதே. கம்ப்யூட்டர்கிட்டச் செம அடி." "கம்ப்யூட்டர்கிட்டத் தோத்தாத் தப்பில்ல கேப்டன். அது நம்ம டீம் செல்வம் மாதிரி நடுவுல டீ குடிக்கப் போகாதுல்ல." பூபதி லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஏதோ சாதாரண விஷயம் கேட்கிற மாதிரி, "டேய், அந்த அப்டேட் வந்ததுக்கப்பறம் உனக்கு எப்படி? விடறது லேட்டுன்னு காட்டுதா?" என்றார். காஜா வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ அதை நிறுத்தினார்கள். சுகந்தி போனையே பார்த்தாள், அது அவன் முகம் என்பது போல. "ஆமா கேப்டன்," என்றான் காஜா. "எனக்கும் அதே ரோதனைதான். பூரா லேட்டு. கெடுத்து வெச்சிருக்கானுக. நான் ஆடறதையே விட்டுட்டேன்." "அதானே பாத்தேன்," என்றார் பூபதி. "பாத்தியா சுகந்தி, அவனுக்கும் அப்படித்தானாம்." "ஆமாங்க," என்றாள் சுகந்தி. அவளுக்குக் கண்ணைக் கரித்தது. காஜா, நீ நல்லா இருப்பே என்று நினைத்தாள். போனை அணைத்து அலமாரியில் வைக்கும்போதுதான் காஜா தன் பெட்டியையே கட்டிக் கொண்டுவந்த அந்த லுங்கி மூட்டை நினைவுக்கு வந்தது, கை அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. மெதுவாகத் திரும்பினாள். பூபதி டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டிவியில் கொடிகளைப் பிடித்துக்கொண்டு பெண்கள் ஆடினார்கள். அவருக்குத் தோன்றியிருக்காது. அவசரத்தில் கேட்டது, அவசரத்தில் சொன்னது. தோன்றியிருக்கவே இருக்காது.

மூன்றாவது பகுதி முழுக்க அவர் பேசவில்லை, குறையும் சொல்லவில்லை. லேட், ரொம்ப லேட், ரொம்ப லேட் என்று சிவப்பு எழுத்து வந்து வந்து போனது, அவர் ஒரு வார்த்தை சொல்லாதது சுகந்திக்குத் தாங்கவில்லை. ஏதாவது சொல்லுங்களேன். காற்றில்லை என்று சொல்லுங்கள், பந்து பளபளக்கிறது என்று சொல்லுங்கள். மடிக்க ஒரு துணியும் மிச்சமில்லை. மடித்ததில் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். ஜன்னல் கதவு அடித்தது. திடீரென்று அவளுக்கு அந்த நாற்காலியில் யாருமே இல்லாத ஓர் ஆடி மாதம் கண் முன்னால் வந்துபோனது, தலையணை மட்டும், கண்ட்ரோலர் மட்டும், டிவியில் அவன் மட்டும். அதை நினைத்ததற்காகத் தன் தொடையை ஒரு கிள்ளு கிள்ளினாள். "காஜா வீட்டுல எதுல ஆடறான்?" என்றார் பூபதி. குரலில் கோபம் இல்லை. டிவியைப் பார்த்தபடியேதான் கேட்டார். "வேற ஒண்ணு... புதுசா வாங்கியிருப்பாருங்க." "அவனா? பிள்ளைகளுக்குப் பேனா வாங்கவே ரெண்டு தடவ யோசிப்பான்." பிறகு, "நீ ஒரு தடவ அழுத்திப் பாரு," என்றார். "நானா? எனக்கெங்கீங்க தெரியும்." "எனக்காகப் பாரு."

அவர் கைகளுக்கடியிலிருந்து கண்ட்ரோலரை எடுத்தாள். எடுக்கும்போது அவருடைய வலது கட்டைவிரலைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. அது குளிர்ந்திருந்தது. அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது, அதில் குழப்பமே இல்லை: தப்பாக அழுத்த வேண்டும். வழிய விட வேண்டும். பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு நாள்கூடப் பால் பொங்கி வழிய விட்டதில்லை என்று மாமியார் ஊரெல்லாம் சொன்ன சுகந்தி, இப்போது வழிய விட வேண்டும். அவருடைய அணிக்காரன் ஒருவன் ஒன்பதாம் எண்ணிடம் பந்தைக் கொடுத்தான். அவள் அழுத்தினாள். கோடு நிரம்பியது, உச்சி வந்தது, விரல் தானாக எழப் பார்த்தது, அழுத்திப் பிடித்துக்கொண்டாள். 'ரொம்ப லேட்'. "பாத்தீங்களா," என்றாள், சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. "எனக்கும் அதேதான் காட்டுது." மறுபடி பந்து வந்தது. மறுபடி அழுத்தினாள், இந்தத் தடவை இன்னும் அதிக நேரம், கட்டைவிரல் நகம் வெளுக்கிற அளவுக்கு. 'ரொம்ப லேட்'. "கெடுத்துட்டானுகங்க. பெட்டியே சரியில்ல." அப்போதுதான், அவர் டிவியைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தாள். அவர் அவளுடைய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானமெல்லாம் அவள் அவருடையதைப் பார்த்த மாதிரியே, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பொறுமையாக. பார்க்காதீங்க என்ற சொல் வாய்வரை வந்தது. அதற்குள் பந்து அவள் கைக்கு வந்துவிட்டது. மறுபடி அழுத்தினாள். அவன் குதித்தான், கோடு ஏறியது.

"விடு, சுகந்தி," என்றார் பூபதி.

மெதுவாகத்தான் சொன்னார். போதும், இந்த நாடகம் வேண்டாம், விட்டுவிடு என்றுதான் சொன்னார், அந்தக் குரலில் வேறு அர்த்தமே இல்லை. ஆனால் விரலுக்கு அது தெரியவில்லை. இத்தனை வருஷமாக அவளைக் கேலி செய்து செய்து எல்லாரும் சொல்லிக்கொடுத்த அந்த மைதானத்து அர்த்தத்தில் விரல் அதைக் கேட்டு, அவர் சொன்ன அந்தக் கணத்திலேயே எழுந்துவிட்டது. கோடு பச்சையானது. பந்து நேராகப் போய், வலையை மட்டும் தொட்டு, துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தத்தோடு உள்ளே விழுந்தது. கூட்டம் எழுந்து நின்றது. நம்பர் நைன், நம்பர் நைன் என்று வெள்ளைக்காரர் கூவினார். ஒன்பதாம் எண் கையைத் தோளுக்கு மேல் தூக்கி, மணிக்கட்டை மடக்கினபடியே, சிரித்துக்கொண்டே பின்பக்கமாக ஓடினான். அந்தக் கை எவ்வளவு நேரம் அப்படியே நின்றது. சுகந்தி கண்ட்ரோலரைத் தலையணை மேல் வைத்தாள். வைக்காமல் கீழே போட்டிருக்கலாம், உடைத்திருக்கலாம் என்று தோன்றியது, காலம் கடந்து தோன்றியது. எதையாவது சொல்ல வேண்டும். தற்செயலாகப் போய்விட்டது என்று சொல்லலாம். ஒன்று போனால் என்ன, இரண்டு போகவில்லையே என்று சொல்லலாம். வாயைத் திறந்தாள். பூபதி தலையசைத்தார், சரி சரி என்கிற மாதிரி, பரீட்சையில் தோற்று வந்த பிள்ளையிடம் தலையசைக்கிற மாதிரி. "கேம் சரியாத்தான் இருக்கு," என்றார்.

ஆட்டம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. எதிராளிகள் எறிந்து தவறவிட்டார்கள், இவர்கள் பக்கத்து நெட்டையன் ஒருவன் பந்தை எடுத்து ஒன்பதாம் எண்ணிடம் கொடுத்தான். கேப்டனிடம்தானே கொடுப்பார்கள். ஒன்பதாம் எண் பந்தைத் தட்டிக்கொண்டே நடு மைதானத்துக்கு வந்து நின்றான். யாரும் பொத்தானைத் தொடவில்லை என்பதால் அவன் அங்கேயே நின்று தட்டிக்கொண்டிருந்தான். மேலே கடிகாரத்தில் எண்கள் இறங்கின. ஓர் அணி பந்தைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கக் கூடாதாம், இருபத்து நான்கு விநாடிக்குள் விட்டுவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் சங்கு ஊதிப் பந்தைப் பிடுங்கி எதிராளியிடம் கொடுத்துவிடுவார்கள் என்று எப்போதோ அவர் சொல்லிக்கொடுத்தது. மில் காலனியில் அதற்குக் கடிகாரம் இல்லை, காஜாவின் மாமா விரல்விட்டு எண்ணுவாராம், நம்ம ஆள் என்றால் மெதுவாக எண்ணுவாராம். ஒன்பதாம் எண்ணின் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. நின்ற இடத்திலேயே அவனுடைய நெஞ்சு ஏறி இறங்கியது, தோள் ஏறி இறங்கியது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. யாரும் ஒன்றும் அழுத்தாமலேயே அது நடந்துகொண்டிருந்தது. பூபதி அதையே பார்த்தார். "மூச்சு வாங்கறத மட்டும்," என்றார், பிறகு கொஞ்சம் நிறுத்தி எச்சிலை விழுங்கிக்கொண்டார், அதற்குச் சிறிது நேரம் பிடித்தது, "நெசமாட்டவே பண்ணியிருக்கானுக." சுகந்தி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியோடு ஒட்டி உட்கார்ந்தாள். அலமாரியில் போன் இருந்தது. எழுந்து போய் எடுக்க வேண்டும். எடுப்பாள், இன்றைக்கே எடுப்பாள், இப்போது எழுந்துவிடுவாள். தன் ஆள்காட்டி விரலைத் தலையணை மேல் கிடந்த அவருடைய உள்ளங்கைக்குள் வைத்தாள். அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாக, வழி கேட்டு வருகிறவர்களைப் போல வந்து, அதைச் சுற்றி மூடிக்கொண்டன. காற்றில் ஜன்னல் கொக்கி கழன்று கதவு படாரென்று திறந்தது, மடித்து வைத்த துணிகளில் மேலே இருந்த இரண்டு தரையில் பறந்து விழுந்தன. டிவியில் எண்கள் தீர்ந்து சங்கு ஊதியது. ஒன்பதாம் எண்ணின் கையிலிருந்து பந்தை வாங்கி எதிராளியிடம் கொடுத்தார்கள். சுகந்தி விரலை எடுக்கவில்லை.